வாய் நிறைய வெற்றிலை

‘பெத்தவளா இவ?’ தன் முறைக்காகக் காத்து உட்கார்ந்திருந்த அய்யாசாமிக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

மைசூரு, மாற்றுத்திறனாளிகள் அலுவலகம். கவுண்டரில் ஊன்றுகோலுடன் சொர்ணலதா தனியாக மல்லுக்கட்டிக்கொண்டிருந்தாள். அம்மா ராமக்காளோ பெஞ்சில் சாய்ந்து, கன்னம் புடைக்க வெற்றிலை மென்றுகொண்டிருந்தாள்.

“மூணு சக்கர ஸ்கூட்டருக்கு மனு கொண்டாந்திருக்கேன் சார்.”

குமாஸ்தா அவளைப் பார்க்கவில்லை. பெஞ்சைப் பார்த்தார். “ஏனம்மா, பொண்ணுக்கு வண்டி எதுக்கு? வீட்டுல வெச்சுப் பாத்துக்கக்கூடாதா?”

ராமக்காளின் தாடை மட்டும் அசைந்தது.

“கேக்கறது நான் சார். என்கிட்டப் பேசுங்க. சம்பளம் பூரா ஆட்டோவுக்கே போகுது. வண்டி இல்லேன்னா விஜயநகர்ல பாக்கற வேலையை விடணும்.”

“அம்மா கையெழுத்துப் போட்டாத்தான் மனுவை வாங்குவேன்.”

மில் வாசலில் தொழிற்சங்கக்காரராகக் காலமெல்லாம் மற்றவர்களுக்காகத் தொண்டை கிழியக் கத்தியவர் அய்யாசாமி. பொறுப்பாரா? எழுந்தார். “யோவ்...”

“உக்காருங்கய்யா. நான் பேசிக்கறேன்.” சொர்ணலதா திரும்பாமலே சொன்னாள். பிறகு குமாஸ்தாவிடம், “எனக்கு இருபத்தாறு வயசு சார். எதுக்கு அம்மா கையெழுத்து? கோர்ட்டுல இலவச சட்ட உதவி மையத்துல விசாரிச்சுட்டுத்தான் வர்றேன். வாங்க முடியாதுன்னா, காரணத்தை எழுதிக் குடுங்க.”

“ஆபீசர் இல்ல. நாளைக்கு வா.”

“அவர் வர்ற வரைக்கும் இங்கயே நிக்கறேன்.”

நின்றாள். ஊன்றுகோலைக் கை மாற்றிப் பிடித்தாள், ஆனாலும் நகரவில்லை. அய்யாசாமி மறுபடி எழுந்தார். அவள் கையைக் காட்டினாள். உட்கார்ந்தார்.

பின்னால் வரிசை முணுமுணுக்க ஆரம்பித்தது. குமாஸ்தா முத்திரையைக் குத்தி, ஒப்புகைச் சீட்டை நீட்டினார்.

வெளியே வந்ததும் ராமக்காள் குழாயடிக்கு ஓடித் துப்பினாள். வாயைக் கொப்பளித்துக் கொப்பளித்து நாக்கை நீட்டிக் காற்று வாங்கினாள்.

பின்னாலேயே வந்த அய்யாசாமி விடவில்லை. “பொண்ணு அந்தப் பாடு படுது. ஒரு வார்த்தை பேச முடியல, வெத்தலை பெருசாப் போச்சா?”

“இத்தனை நாளும் எல்லா ஆபீசுலயும் இவளுக்கு நான்தாங்க பேசுனேன். எல்லாரும் என்னையத்தான் பாத்தாங்க. இவளை ஒருத்தனும் ஏறெடுத்துப் பாக்கல. இன்னிக்கு, ‘நானே பேசறேன், நீ வாயைத் தொறக்காதே’ன்னு சொல்லிப்போட்டா. என் வாய் சும்மா இருக்குமுங்களா? பழக்கமில்லாத வெத்தலையை அடைச்சுக்கிட்டேன். நாக்கெல்லாம் வெந்துபோச்சு.”

இடுப்பில் செருகியிருந்த பொட்டலத்தை எடுத்து அவரிடம் நீட்டினாள்.

“ரெண்டு வெத்தலை மிச்சமிருக்குது. உங்களுக்கும் வேணும்போல இருக்குதுங்களே!”