இலையும் வட்டமும்

மடாலயத்தில் நடக்கும் தடுப்பூசி முகாமில் இரண்டாவது ஊசியைக் கையில் எடுத்த மருத்துவச்சி ஸின் மார் அப்படியே நிற்கிறாள். மூத்தவளுக்கு முதல் ஊசி போட்டதும் நீலார் தன் இரட்டைப் பெண்களையும் சேர்த்து அள்ளிக்கொண்டாள். இருவரும் வீறிட்டு அழுகிறார்கள். அடையாளத்துக்கென்று காலையில் தனகா மரப்பட்டையை அரைத்த சாந்தால் மூத்தவள் கன்னத்தில் வரைந்த இலையும் இளையவள் கன்னத்தில் வரைந்த வட்டமும் கண்ணீரில் கரைந்து அம்மாவின் ரவிக்கைத் தோளில் அப்பியிருக்கின்றன.

"இவளுக்குத்தான் போட்டீங்க சயாமா... இல்ல, அவளுக்கா?" மருத்துவச்சியை மரியாதையாக விளித்துக் கேட்கிறாள் நீலார்.

"பெத்தவளே முழிக்கிற! உன்னை நம்பி நான் ஊசி போடவா?"

மடாலயத்துச் சன்னல் வெயிலில் மருத்துவச்சி குனிந்து நான்கு தொடைகளையும் தடவிப் பார்க்கிறாள். ஒன்றில் மட்டும் கடுகளவு சிவப்புப் புள்ளி. புள்ளியில்லாதவள்தான் உரக்க அழுகிறாள்.

ஸின் மாருக்குச் சிரிப்பு தாங்கவில்லை. "அடி கள்ளி, அக்காவுக்காக அழுதது போதும். இனிமே உனக்காக அழு, வா!"