ரஹீமாவின் சம்மதம்

ஜெசிந்தா ஆய்வுக் கட்டுரையை அனுப்பப் போனபோது, எந்த யோசனை யாருடையது என்று பதிந்துவைக்கும் மேற்கோள் செயலி தடுத்தது. உப்பேறிய கிணற்று நீரைக் கடற்பாசியால் நன்னீராக்கலாம் என்ற யோசனை அவளுடையதல்ல என்றது. விடுதியில் எப்போதோ அதைச் சொன்ன அறைத்தோழி ரஹீமாவின் குரலையே போட்டுக் காட்டியது.

“வெறும் பேச்சுதானேம்மா, அந்தப் பதிவை நீக்கிடு. வேலைக்கு நேர்காணல் வேற வருது” என்றார் நெறியாளர்.

ஜெசிந்தாவுக்கு மனசு கேட்கவில்லை. குழந்தை பிறந்ததும் படிப்பை நிறுத்திவிட்ட ரஹீமாவை அடிக்குறிப்பில் சேர்த்தாள். மேற்கோளுக்கு உரியவர் சம்மதித்தால்தான் கட்டுரை போகும். ரஹீமாவோ மறுத்துவிட்டாள். ஜெசிந்தா பதறிப்போய்க் கூப்பிட்டாள்.

“ஏட்டி, ஏன் வேண்டாங்குற?”

“அடிக்குறிப்புல ஒட்டிக்கிட்டு நிக்க என்னால முடியாது. கோடையில அந்தப் பாசி தாங்குமான்னு நீ பார்க்கவே இல்லியே?”

பார்க்கவில்லைதான். ஜெசிந்தாவுக்குச் சிரிப்பு வந்தது. படித்த காலத்திலும் அவள் இப்படித்தான் மடக்குவாள்.

“அப்ப நீயே வந்து பாரு. கோடை முடிஞ்சே அனுப்புவோம்.”

“வேலை?”

“அடுத்த வருஷமும் ஆள் எடுப்பாங்க.”

“என் பேரு எங்க வரும்?”

“என் பேருக்குப் பக்கத்துல.”

“அப்படின்னா சம்மதம்” என்றாள் ரஹீமா.

ஜெசிந்தா கட்டுரையின் தலைப்புக்குக் கீழே இரண்டு பெயர்களையும் சேர்த்துத் தட்டினாள். செயலி மறுபேச்சுப் பேசவில்லை.