விழ மறுத்த கிரீடம்

நாடகக் குழு ஒன்றின் அட்டைக் கிரீடத்துக்குத் துரோகம் செய்தது அதே குழுவின் கோமாளித் தொப்பிதான். இங்கிலாந்தில் கிரீடம் ராஜாவாகச் சாகும்போது பேசும் நீண்ட வசனத்துக்கு ஊரே அழும். குழு ஜெர்மனிக்கு நாடகம் போடப் போனதும், நாலு ஜெர்மன் வார்த்தை கற்றுக்கொண்ட தொப்பி அந்த வசனத்தை வெட்ட வைத்துவிட்டது.

“புரியாத பாஷையில புலம்பி என்ன பண்ணப் போறீங்க அண்ணே? குத்தினதும் விழுங்க. மிச்சத்தை நான் பாத்துக்கறேன்.”

செத்துக் கிடக்கும் ராஜாமேல் ஏறி உட்கார்ந்து தொப்பி தொத்திறைச்சி தின்னும். சனம் விழுந்து விழுந்து சிரிக்கும்.

ஒருநாள் சந்தை மேடையில் மரவாள் குத்தியும் கிரீடம் விழவில்லை. வசனத்தை ஆரம்பித்துவிட்டது.

“சாகுங்க அண்ணே,” என்று கெஞ்சிய வாள் மறுபடியும் குத்தியது. கடைசி வரியையும் பேசிவிட்டுத்தான் கிரீடம் சாய்ந்தது.

சந்தைக் கூட்டம் சிரித்துச் சிரித்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டது.

“பாருங்க, கண்ணீரே வந்திருச்சு,” என்றது தொப்பி.

“இது சிரிச்ச தண்ணி. இவங்க அழ வேண்டியது அப்படியே பாக்கியிருக்கு,” என்றது கிரீடம், செத்தபடியே.