சதுப்பு நிலத்துக்காக ஒரு குரல்

பாதுகாக்கப்பட்ட சதுப்பு நிலத்தில் வீடுகளும் கடைகளுமாகப் பெரிய குடியிருப்பு கட்டப் போகிறார்கள். அதற்கான கருத்துக் கேட்புக் கூட்டத்தில் வக்கீல் மைக்கை விடவே இல்லை.

"அதைத் தூர்த்துட்டா மழைத்தண்ணி எங்கய்யா போகும்? உங்க பங்களாவுக்கா?"

கைதட்டல் அடங்கவில்லை. வெள்ளம் புகுந்த தன் வீட்டின் படங்களோடு தையல்காரம்மா எழுந்தாள். "அண்ணே, நானும் பேசணும்."

"இரும்மா, உனக்காகத்தானே கத்திக்கிட்டிருக்கேன்."

மாலையில் அதிகாரி கடிகாரத்தைப் பார்த்தார். "நேரம் முடிஞ்சுது. ஆட்சேபம் சொன்னது ஒருத்தர்தான்னு எழுதிக்கங்க."

வாசலில் தையல்காரம்மா கண்கலங்கினாள். "எங்க வயித்தெரிச்சலை எல்லாம் கொட்டிட்டீங்கண்ணே."

தெருமுனை திரும்பியதும் வக்கீல், அங்கே காத்திருந்த கட்டுமான முதலாளியின் காரில் ஏறினார்.

"வேற யாரையும் வாயத் திறக்க விடலை சார்."

"கேள்விப்பட்டேன். அடுத்த வாரம் ஏரிக் கூட்டத்துலயும் நீங்கதான் கோபப்படணும்."