வலிக்காத பட்டை

வைப்பாறு கபடி அணி தோற்ற அன்று ஜெபமணி சோற்றைத் தொடமாட்டார். கல்யாணமான முதல் வாரமே எஸ்தருக்கு அது தெரிந்துவிட்டது. அவர் மொட்டைமாடியில் போய்ப் படுத்துக்கொள்வார். அவளும் பட்டினியாகப் பக்கத்தில் உட்கார்ந்திருப்பாள். வருடக்கணக்காகத் தோற்ற அணியை அவர் விடவில்லை.

மற்ற ரசிகர்கள் விட்டுவிட்டுப் போனார்கள். அதனால் அணி நிர்வாகம் அந்த வருடம் மிச்சமிருந்த ரசிகர்களுக்கெல்லாம் ஒரு கைப்பட்டை அனுப்பியது. கட்டிக்கொண்டால் தோல்வி வலிக்காது. பட்டினி கிடந்து சலித்த எஸ்தரே அதை அவர் கையில் கட்டிவிட்டாள்.

அதிசயமாக இறுதி ஆட்டம் வரை வந்த வைப்பாறு ஒரே புள்ளியில் தோற்றது. பழைய பழக்கத்தில் எஸ்தர் அடுப்பை அணைத்தாள்.

"ஏன் அணைச்சிட்ட? இன்னும் ரெண்டு தோசை ஊத்து" என்றார் ஜெபமணி.

ஊற்றினாள். சட்னியைத் தொட்டு நிதானமாகச் சாப்பிட்டார். அவள்தான் தன் தோசையைத் தொடவில்லை.

"அதக் கழட்டிருங்க. கொஞ்சம் அழுதுருங்க."

கழற்றினார். இருவரும் மாடிக்குப் போய் அழுகைக்காகக் காத்திருந்தார்கள். கொசுதான் கடித்தது. இறங்கி வந்துவிட்டார்கள். அதற்கப்புறம் அவர் பட்டையைக் கட்டவே இல்லை.

அடுத்த வருடம் முதல் ஆட்டத்தன்று எஸ்தரே டிவியைப் போட்டாள். "ஏங்க, மேட்ச் ஆரம்பிச்சாச்சு, வாங்க."

செல்போனிலிருந்து தலையைத் தூக்காமல் ஜெபமணி கேட்டார்:

"யாருக்கும் யாருக்கும்?"