நீல மணி

மகள் ஜனாவின் சட்டையில் ரத்தம் பரவுவதைக் கண்டதும் சுஹைர் டாக்டரைக் கூவி அழைத்தாள். புற்றுநோய் மருந்து ஏற்றுவதற்காக நெஞ்சில் பொருத்தியிருந்த குழாய் ஒழுகிக்கொண்டிருந்தது.

டாக்டர் வக்தி ஓடிவந்து, ஓட்டைக்கும் நெஞ்சுக்கும் நடுவில் கிளிப் போட்டுக் குழாயை இறுக்கினார்.

"காத்து உள்ள போயிருந்தா பிள்ளை பொழைச்சிருக்காதும்மா."

சட்டையின் உட்புறம் ஓர் ஊக்கு குத்தியிருந்தது. அதில் ஒரு நீல மணி. ஊக்கின் முனைதான் குழாயைத் துளைத்திருந்தது.

"கண்ணு படக் கூடாதுன்னா? இந்த வார்டுல எல்லாப் பிள்ளையும் மொட்டைத் தலையோட சுருண்டு கிடக்குது. இங்க யாரும்மா உம்பொண்ணு மேல கண்ணு வைக்கப் போறா?"

சுஹைர் தலையைக் குனிந்துகொண்டாள். ஜனாதான் பதில் சொன்னாள்.

"நீங்கதான் டாக்டர். 'வார்டுலயே இவதான் சீக்கிரம் தேறுறா, கன்னமெல்லாம் உப்பிடுச்சு'ன்னு நேத்து சொன்னீங்க. கண்ணு படாம இருக்க மாஷா அல்லாஹ் சொல்லணும்ல, சொல்லாமலே போயிட்டீங்க. உடனே அம்மா மணியைக் குத்திட்டாங்க."

வக்தி குழாயைச் சரிசெய்து, நாடி பார்த்து நிமிர்ந்தார்.

"இனி பயமில்லை. பிள்ளை நல்லா இருக்கா."

சுஹைரின் பார்வை மேசைமேல் கிடந்த ஊக்கின் பக்கம் போனது.

"மாஷா அல்லாஹ்," என்றார் வக்தி அவசரமாக.