கல்யாண வேர்வை

"கையைத் தூக்கும்மா. நான் பாக்கணும்."

"ஒண்ணுமில்ல, உடு."

"ஒண்ணுமில்லாமத்தான் ஒரு குடம் தண்ணி தூக்க முடியாம நிக்கிறியா?"

கண்ணாயி சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டாள். செம்மநத்தத்தில் அந்த வீட்டில் இருந்தது அவர்கள் இரண்டு பேர்தான். கண்ணாயிக்குக் காப்பி எஸ்டேட்டில் வேலை. செல்விக்கு ஏற்காட்டில் ஒரு லாட்ஜில் வேலை. அடுத்த வாரம் கண்ணாயிக்குக் கல்யாணம். மாப்பிள்ளை பார்த்ததும், பேசி முடித்ததும் செல்விதான். வேண்டவே வேண்டாம் என்று அழுதவளைச் சம்மதிக்க வைப்பதற்குள் அவளுக்குப் போதும் போதும் என்றாகிவிட்டது.

செல்வி விடவில்லை. ஜாக்கெட் கொக்கியைக் கழற்றி, கையைப் பிடித்து மெதுவாகத் தூக்கிப் பார்த்தாள். அக்குள் முழுக்கச் செக்கச்செவேல் என்று தடித்திருந்தது. அங்கங்கே தோல் உரிந்து ஜாக்கெட்டோடு ஒட்டிக்கொண்டிருந்தது.

"ஐயோ! என்னத்தப் போட்டே?"

கண்ணாயி அலமாரியைப் பார்த்தாள். லாட்ஜில் தங்கிய யாரோ விட்டுப்போன சென்ட் பாட்டில் அங்கே இருந்தது. புஸ்ஸென்று அடிக்கிற வகை. துணிக்கு அடிக்கலாம் என்று செல்விதான் கொண்டுவந்து வைத்திருந்தாள்.

"இதையா உடம்புல அடிச்சே?"

"காலைல ஒருக்கா, சாயங்காலம் ஒருக்கா. எரிஞ்சுது. எரிஞ்சாத்தான் நாத்தம் போவும்னு நெனச்சேன்."

"உனக்கு நாத்தம்னு எவ சொன்னா?"

கண்ணாயி கையைக் கீழே இறக்கிக்கொண்டாள்.

"யாரும் சொல்லல. வெத்தல பாக்கு மாத்த வந்தப்ப, அவரோட அக்கா எம்பக்கத்துல உக்காந்தாங்கல்ல? மூக்கைப் பொத்திக்கிட்டு எந்திரிச்சுப் போயிட்டாங்க. அன்னைக்குக் காப்பிப் பழம் பறிச்சுட்டு, குளிக்கக்கூட நேரமில்லாம ஓடியாந்தேன்... இந்தக் கல்யாணம் வேண்டாஞ் செல்வி. நாளைக்கு அவரும் மூக்கைப் பொத்துனா நான் எங்க போவேன்?"

செல்வி ஒரு சொம்பு பச்சைத் தண்ணீர் எடுத்து வந்தாள். சோப்பில்லாமல் கழுவி, பழைய வேட்டித் துணியால் தேய்க்காமல் ஒற்றி எடுத்தாள். விரல் நுனியில் தேங்காய் எண்ணெய் தொட்டு வைத்தாள்.

"எரியுது சாமீ..."

"பொறுத்துக்க, என் தங்கமில்ல. இதோ ஆயிடுச்சு." ஊதி ஊதித் தடவினாள். தூங்கும் வரை விசிறிக்கொண்டே இருந்தாள்.

மறுநாள் ஏற்காட்டில், லாட்ஜுக்குப் பக்கத்தில் குடியிருந்த நர்ஸம்மாவிடம் கேட்டாள்.

"சென்ட், பவுடர், சோப்பு எதுவும் ஆகாது. காத்தாட உடணும். இறுக்கமாத் துணி போடக்கூடாது" என்றார் நர்ஸம்மா. "நல்லா ஆறினப்புறம் படிகாரக் கல்லை நனைச்சு லேசாத் தடவுனாப் போதும். வேர்வை நாத்தம் வராது. மொதல்ல முழங்கையில தடவிப் பாத்துக்கோங்க. புண்ணு மேல மட்டும் போட்டுறாதீங்க."

செல்வி அங்கிருந்து நேராகக் கடைத்தெருவில் இருந்த தையல்கடைக்குப் போனாள். பழனிசாமி தையல் மிஷினை நிறுத்திவிட்டு எழுந்து நின்றான். மாப்பிள்ளை அவன்தான். கல்யாண ஜாக்கெட்டையும் அவனே தைத்துக்கொண்டிருந்தான்.

"வாங்கம்மா. பட்டு ஜாக்கெட் முடிஞ்சுது. கொக்கிதான் பாக்கி."

"அது வேண்டாங்க."

பழனிசாமியின் முகம் வெளுத்துவிட்டது. "ஏனுங்க? கல்யாணத்துல ஏதாச்சும்..."

மறைப்பதில் பலனில்லை என்று செல்வி எல்லாவற்றையும் சொன்னாள். சென்ட்டைச் சொன்னாள், புண்ணைச் சொன்னாள், அக்கா மூக்கைப் பொத்தியதையும் சொன்னாள். அவன் தலையைக் குனிந்து கேட்டுக்கொண்டிருந்தான்.

"நொம்ப எரியுதுங்களா?" என்றுதான் முதலில் கேட்டான்.

"கையத் தூக்க முடியலீங்க."

அவன் அலமாரியைத் திறந்து வெள்ளை மல் துணி ஒன்றை எடுத்தான். கன்னத்தில் வைத்துப் பார்த்தான். வேறொன்றை எடுத்தான். அதையும் வைத்துப் பார்த்தான்.

"இது மெத்துனு இருக்குதுங்க. கை நல்லா லூசா வச்சு, அக்குள்ல தையல் உறுத்தாமத் தச்சுத் தாரேன். பட்டு கெடக்குது, உடுங்க." துணியை விரித்துக்கொண்டே சொன்னான்: "அக்காகிட்ட நான் பேசிக்கறேன். கண்ணாயிகிட்ட ஒண்ணு மட்டும் சொல்லுங்க. வெயில் காலத்துல இந்தத் தகரக் கூரைக்கடியில உக்காந்தா எனக்கு வேர்க்கிற வேர்வைக்கு அளவே இல்ல. ஒரே ஊட்டுல ரெண்டு பேரும் வேர்த்தா யாரு மூக்கை யாரு பொத்துறதுங்க?"

செல்வி சிரித்துவிட்டாள். சிரிக்கும்போதே கண் கலங்கியது.

அன்று சாயங்காலம் அதை அப்படியே போய்ச் சொன்னாள். கண்ணாயி நம்பவில்லை. "இன்னொருக்காச் சொல்லு" என்றாள். மறுபடி சொன்னதும் முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டாள். கல்யாணம் வேண்டாம் என்ற பேச்சு அதன் பிறகு வரவில்லை.

கல்யாணத்துக்குள் புண் ஆறித் தோல் பழையபடி ஆகிவிட்டது. கல்யாணத்தன்று காலை செல்வி படிகாரக் கல்லைத் தண்ணீரில் நனைத்து மெதுவாகத் தடவிவிட்டாள்.

"எரியுதா?"

"இல்ல. குளுகுளுன்னு இருக்குது."

ஏற்காட்டு முருகன் கோயிலில் கூட்டம் அதிகமில்லை. மல் துணி ஜாக்கெட்டும் அரக்குச் சேலையுமாகக் கண்ணாயி தலை குனிந்து நின்றாள். பழனிசாமியின் அக்கா தயங்கித் தயங்கி வந்து, அவள் தலையில் பூவை வைத்து, அவளை ஒட்டியே நின்றுகொண்டாள்.

தாலி கட்டி முடிந்தது.

"பொண்ணைக் கையைப் புடிச்சுக் குடுக்கிற பெரியவங்க முன்னால வாங்க" என்றார் பூசாரி.

செல்வி வந்து நின்றாள். பூசாரி அவளை ஏற இறங்கப் பார்த்தார்.

"பெரியவங்களைக் கூப்பிட்டேன் அம்மிணி. நீ பொண்ணுக்கு என்ன வேணும்?"

"மகளுங்க" என்று சொல்லிவிட்டு, அம்மாவின் கையை எடுத்துப் பழனிசாமியின் கையில் வைத்தாள் செல்வி.